லண்டன் வேலைக்குக் குலுக்கல்: காசு கேட்டால் நம்பாதீர்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், "குலுக்கல்ல பேர் வர வைக்க இருபதாயிரம் கேக்குறாங்கண்ணா" என்று வந்து நின்றான். பி.காம். முடித்தவன், வயது 23. பிரிட்டன் அரசின் 'இந்தியா யங் புரொஃபஷனல்ஸ்' விசாவைத்தான் சொல்கிறான். இந்த விசாவுக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்பதைக் குலுக்கலில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குலுக்கலில் பெயர் கொடுக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. பெயர் வர வைக்க எந்த ஏஜெண்டாலும் முடியாது.

வயது 18 முதல் 30-க்குள் இருக்க வேண்டும், கையில் பட்டமும் வேண்டும். அங்கே வேலை தேடிவைத்துவிட்டுப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கலாம். குலுக்கல் ஓரிரு நாள்தான் திறந்திருக்கும், அதனால் பாஸ்போர்ட்டை முன்னாடியே ஸ்கேன் எடுத்து வையுங்கள். அவன் எம்.சி. ரோடு ஜெராக்ஸ் கடையில் எடுத்ததில் ஓரம் வெட்டுப்பட்டு, கடைசி எண் பாதிதான் தெரிந்தது. திரும்பப் போய் எடுத்தோம்.

பெயர் வந்த பிறகுதான் செலவு. விசா கட்டணம், சுகாதாரக் கட்டணம், காசநோய்ப் பரிசோதனை எல்லாம் உண்டு. முக்கியமாக, 2,530 பவுண்டு சேமிப்பு உங்கள் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் அந்தப் பணம் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்துதான். சீட்டுப் பணம் வரட்டும், அப்புறம் போடலாம் என்று கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள்.

அப்புறம், டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சே வேண்டாம். அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது.