லாலி சென்னையைப் பிடித்திருந்தால்? கர்நாடகப் போர்களை மாற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

18-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்களைப் படிக்கிற எவருக்கும் ஒரு கட்டத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றும். அதை மாற்று வரலாறாக எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் நேராக, பிரெஞ்சுத் தளபதி லாலி நிஜத்தில் தோற்ற வந்தவாசிக்குப் போய்விடுகிறார்கள். 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்கிறார், லாலி ஜெயிக்கிறார், அடுத்த அத்தியாயத்தில் தென்னிந்தியா முழுக்க பிரெஞ்சுக் கொடி பறக்கிறது.

வந்தவாசியில் லாலி ஜெயித்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்பது என் கருத்து. அதற்கு முந்தைய வருடமே மசூலிப்பட்டினம் கைவிட்டுப் போயிருந்தது. சம்பளம் கிடைக்காத பிரெஞ்சுச் சிப்பாய்கள் 1759 அக்டோபரில் கலகமே செய்தார்கள். பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி தாஷே அந்தச் செப்டம்பரில் ஆங்கிலக் கப்பற்படைத் தளபதி பொக்காக்கோடு மோதிய பிறகு மொரீஷியஸுக்குக் கிளம்பியவர், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கப்பலும் பணமும் இல்லாத லாலிக்கு ஒரு களத்தில் வெற்றியைக் கொடுத்து என்ன பயன்?

மாற்றுவதென்றால் கடலில் மாற்றுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். சோழமண்டலக் கடற்கரையில் பெரிய போர்க்கப்பல்கள் ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது. ஐப்பசி பிறந்து வாடைக் காற்று திரும்பினால் இரண்டு தரப்புமே நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போயாக வேண்டும். 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை அக்டோபர் புயல் சிதைத்துப் போட்டது. ஆங்கிலேயருக்குப் பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் துறை இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோ இந்தியப் பெருங்கடலைக் கடந்து மொரீஷியஸ் வரை போக வேண்டும். அங்கே போனால் சோற்றுக்கே தட்டுப்பாடு. 1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது கடலில் இரண்டு தரப்புக் கப்பற்படையும் இல்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் அடிவானத்தில் தெரிந்ததும் முற்றுகை கலைந்தது.

ஆகவே "தாஷே கொஞ்சம் துணிச்சலாக இருந்திருந்தால்" என்று ஆரம்பிப்பதைவிட, திருகோணமலை டச்சுக்காரரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தால் என்று ஆரம்பிப்பது வலுவானது. பின்னாளில் 1782-ல் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரான் திருகோணமலையைப் பிடிக்கத்தான் செய்தார், ஆனால் டச்சுக்காரரிடமிருந்து அல்ல, அதே வருடம் அதைக் கைப்பற்றியிருந்த ஆங்கிலேயரிடமிருந்து. புயலைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. ஆனால் 1761 புத்தாண்டு நாளில் பாண்டிச்சேரிக்கு எதிரே நின்ற ஆங்கிலக் கப்பல்களை நிஜமாகவே புயல் தாக்கியது. சில நாட்களிலேயே முற்றுகை மறுபடி இறுகியது, ஜனவரி 16-ல் ஊர் விழுந்தது.

சரி, சென்னை விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது கையில் நிற்குமா? 1746-ல் பிடித்த சென்னையை 1748 உடன்படிக்கையில் பிரான்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வட அமெரிக்காவில் லூயிபூர் கோட்டை கிடைத்தது. ஐரோப்பியப் பேரத்தை எழுதாமல் விட்டால் கதை அந்தரத்தில் தொங்கும். கூடவே வங்காளத்தையும் பாருங்கள். 1757-ல் பிரெஞ்சுக்காரரின் சந்திரநாகூர் ஆங்கிலேயர் கைக்குப் போனது, பிளாசிப் போரிலும் அவர்களே ஜெயித்துவிட்டார்கள். அதற்கப்புறம் சென்னைக்கு உதவ ஆங்கிலேயரிடம் வங்காளப் பணம் இருந்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு தவறு. இந்த மண்ணின் அரசர்களையும் தளபதிகளையும் சதுரங்கக் காய்களாக எழுதுவது. மைசூர் ஆட்சியை நடத்திய அமைச்சர் நஞ்சராஜர் முதலில் ஆங்கிலேயர் ஆதரித்த ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குத் துணை நின்றார். வாக்களித்தபடி திருச்சி கிடைக்கவில்லை என்றதும் பிரெஞ்சுப் பக்கம் போனார். தஞ்சாவூரிடம் பழைய கடன் பத்திரத்தைக் காட்டிப் பணம் கேட்டுப் போன லாலி, 1758 ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார். சென்னை முற்றுகையின்போது லாலியின் பின்புறத்தையும் உணவு வழியையும் தொல்லைப்படுத்தியவர்களில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற சிப்பாய்ப் படைத் தளபதி யூசுப் கான் முக்கியமானவர். இவர்களுக்கெல்லாம் சொந்தக் கணக்கு இருந்தது. உங்கள் கதையில் பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்தால் ஹைதராபாதும் மைசூரும் மராத்தியரின் பூனாவும் என்ன செய்யும் என்பதற்குப் பதில் வேண்டும்.

அப்புறம், இரண்டாம் கர்நாடகப் போர் நடந்த காலத்தில் ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானமாக இருந்தன. ஆங்கில, பிரெஞ்சு வணிகக் கம்பெனிகள் இரண்டும் நவாபுகளின் துணைப்படை என்ற பெயரில்தான் மோதிக்கொண்டன. ஆற்காட்டில் கிளைவ் இருந்த 1751-ல் "இரு மன்னர்களின் போர்" என்று வசனம் வைத்தால் தப்பு.

தேதிகளிலும் கவனம் தேவை. 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரரைவிட 11 நாள் பின்னால். சென்னை சரணடைந்த நாள் பிரெஞ்சுக் கணக்கில் 1746 செப்டம்பர் 21, ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. ஒரு தரப்பு ஆவணத்தில் இருந்து ஒரு தேதியும் மறுதரப்பில் இருந்து இன்னொன்றும் எடுத்தால், படை கிளம்புவதற்கு முன்பே கோட்டை விழுந்துவிடும். முதலில் ஒரே நாட்காட்டிக்கு எல்லாவற்றையும் மாற்றி எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கதையைத் தொடங்குங்கள்.