முதல் செரிகிராஃப் வாங்குவது எப்படி? வைகுண்டத்தின் பொட்டிலிருந்து தொடங்குவோம்

பெரிய குங்குமப் பொட்டு, மூக்குத்தி, பளீர் நிறச் சேலை எனத் தெலங்கானாப் பெண்களை வரைபவர் தோட்ட வைகுண்டம். 1942இல் பிறந்தவர், பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் பயின்றவர். அவருடைய அசல் ஓவியம் லட்சங்களில் போகும். அவர் கையெழுத்திட்ட லிமிடெட் எடிஷன் பிரிண்ட், அதாவது இத்தனை பிரதிகள்தான் என்று வரையறுத்து அடித்த அச்சு என்றால் நம்மில் பலரும் வாங்கிவிடலாம்.

முதலில், அது எப்படி அச்சானது என்று கேளுங்கள். செரிகிராஃப் என்பது ஸ்கிரீன் பிரிண்டிங்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே முறை. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்று மை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். வைகுண்டத்தின் அடர்ந்த, தட்டையான நிறங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பேன். ஜிக்லே என்பது உயர்தர இங்க்ஜெட் அச்சு. அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதற்குச் செரிகிராஃபின் விலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, நகைக்கடையில் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி, படத்தின் சிவப்புப் பொட்டின்மேல் வைத்துப் பாருங்கள். செரிகிராஃபில் சிவப்பு பெரும்பாலும் ஒரே பரப்பாக, மை சற்றுத் தடித்து நிற்கும். ஆஃப்செட் போஸ்டராக இருந்தால் பொட்டு முழுக்க மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரியும். அப்படியே லென்ஸைக் கையெழுத்துக்கு நகர்த்துங்கள். அச்சாக இல்லாமல் கையால் பென்சிலில் போட்டது என்றால் சாய்த்துப் பார்க்கும்போது மினுங்கும். சான்றிதழைவிட இந்த ஐந்து நிமிடச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

கையெழுத்தோடு எழுதியிருக்கும் எண்ணுக்கு வருவோம். 24/100 என்றால் 100 பிரதிகளில் 24ஆவது. ஸ்கிரீன் பிரிண்டில் முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் தரத்தில் பொதுவாக வித்தியாசம் இருக்காது. 1/100க்கு யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்றிருந்தால் அது ஓவியரின் தனிப் பிரதி. எண்ணிட்டவை போக இப்படி எத்தனை அடித்தார்கள் என்றும் விசாரியுங்கள்.

பில்லில் ஓவியர் பெயர், தலைப்பு, அச்சு முறை, அளவு, எண் எல்லாம் எழுதி வாங்குங்கள். பிறகு விற்க நினைத்தால் அதுதான் கைகொடுக்கும்.

கடைசியாக ஃபிரேம். நல்ல பிரிண்டுகள் பெரும்பாலும் பாழாவது இங்கேதான். ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று வெள்ளை ஓரத்தை வெட்டிவிடுவார்கள். எண்ணும் கையெழுத்தும் இருப்பதே அந்த ஓரத்தில்தான். ‘வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, லேமினேஷன் கூடாது’ என்று எழுதியே கொடுங்கள். படத்தைத் தாங்கும் அட்டையாக அமிலமில்லாத மவுண்ட் போர்டு கேளுங்கள், கண்ணாடி தாளில் படாமல் இடைவெளி இருக்கட்டும். பின்னால் நேரடியாக ஹார்ட்போர்டு வைத்தால் தாள் நாளடைவில் பழுப்பேறும். வெயில் விழும் சுவரிலும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரிலும் மாட்டாதீர்கள்.