சிப் கரையும்போது ஆல்-இன் எப்போது?

நெல்லைப் பக்கம் லீவு நாளில் மொட்டைமாடியில் புளியங்கொட்டையைச் சிப்பாக வைத்து, காசில்லாமல் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறவர்களுக்கு இது.

கையில் இருக்கும் சிப்பைப் பிக் பிளைண்டால் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் போடும் கட்டாயப் பந்தயங்களில் பெரியது) வகுங்கள். பத்துக்குக் கீழே வந்துவிட்டால் பந்தயத்தைக் கொஞ்சமாக உயர்த்தும் சின்ன ரெய்ஸ் வேண்டாம். ஆல்-இன் (எல்லாச் சிப்பையும் தள்ளுவது) அல்லது ஃபோல்டு (சீட்டைக் கைவிடுவது).

பிளைண்ட் 500/1000, பிக் பிளைண்டில் இருப்பவர் கூடுதலாகப் போடும் ஆன்டி 1000, உங்களிடம் 8000 என்று வையுங்கள். ஒரு சுற்று சும்மா இருந்தாலே 2500 போய்விடும். உங்களுக்கு முன்னால் எல்லாரும் ஃபோல்டு செய்து, பட்டனிலிருந்து (பிளைண்ட் போட்ட இருவருக்கு முந்தைய இடம்) நீங்கள் 8000 தள்ளினால் பிக் பிளைண்டில் இருப்பவர் இன்னும் 7000 போட வேண்டும். அவருக்கு 40 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை. பயந்து பலமுறை விட்டுவிடுவார். அந்த 2500 சண்டையில்லாமல் உங்களுக்கு. அதையே 3000 ஆகும்வரை காத்திருந்து தள்ளினால் அவர் போட வேண்டியது வெறும் 2000. 27 சதவீதம் போதும், ஏழு-நாலை வைத்துக்கொண்டுகூட அதைப் போட்டு மோதுவார். நல்ல சீட்டுக்காகக் காத்திருந்து பலர் தோற்பது இங்கேதான்.

கையில் எட்டு பிக் பிளைண்ட் இருக்கும்போது, பட்டனில் எந்த ஜோடியும் எந்த ஏஸும் போதும். இஸ்பேட் ராஜாவோடு இஸ்பேட் அஞ்சு வந்தாலும் தள்ளலாம். ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளாக இருந்தால் நடுத்தர ஜோடி, ஏஸ்-பத்துக்கு மேல் என்று இறுக்கிப் பிடியுங்கள். பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

உங்களுக்கு முன்னால் வேறொருவர் ஆல்-இன் போட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அவரை ஃபோல்டு செய்யவைக்க முடியாதே! ஏஸ்-மூன்றைத் தூக்கிப் போடுங்கள்.