பாப்பரசரைக் கண்ட அந்த ஒரு நிமிடத்தை எழுதி வைப்பது எப்படி

குருவானவரோ சுவாமியாரோ பாப்பரசரோ, நீங்கள் பெரிதாக மதிக்கும் ஒருவரை நேரில் கண்டால் அன்றிரவே எழுதுங்கள். வீட்டாரோடு கதைக்க முன்னர், தொலைக்காட்சிச் செய்தி பார்க்க முன்னர். கமரா அவருடைய முகத்தை நேர் எதிரே, கிட்டத்தில் காட்டும். அதை இரண்டு முறை பார்த்தால் போதும், ஓரத்தில் நின்று நீங்கள் கண்ட முகம் போய்விடும்.

கொப்பிப் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நீங்களே கண்டதும் கேட்டதும். வலப்பக்கம் பிறர் சொன்னதும் பிறகு வாசித்ததும். அவர் பேசிய சொல் அப்படியே ஞாபகம் இருந்தால் மட்டும் மேற்கோள் குறி போடுங்கள். எந்த மொழி, யார் மொழிபெயர்த்தார் என்பதும் வேண்டும். 'ஆசீர்வதித்தார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். எந்தக் கை? தலையில் வைத்தாரா, நெற்றியில் சிலுவை வரைந்தாரா? உங்களைப் பார்த்தாரா, அடுத்தவரைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாரா? பின்னதாக இருந்தால் அதையே எழுதுங்கள். நடந்தது சின்னதென்றால் சின்னதாகவே இருக்கட்டும். கூட்டி எழுதினால் பேரப்பிள்ளைகள் எதையுமே நம்பமாட்டார்கள்.

வயதானவர்களிடம் கேட்டு எழுதுவதுதான் கடினம், அவசரமும் அதுவே. வீதிப் பக்க யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கைத்தொலைபேசியை ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். முதலில் குறுக்கிடாமல் முழுவதும் சொல்லவிடுங்கள். "சிரிச்சவரோ?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "அம்மம்மா, எந்தப் பக்கம் நிண்டனீங்கள்? பக்கத்தில ஆர்? என்ன சாப்பாடு கொண்டு போனனீங்கள்?" என்று கேளுங்கள். காத்திருந்த நேரத்தைத் தொட்டால் அந்த விநாடிகளும் கூடவே வரும். கொழும்புக் கடலோரக் காலிமுகத்திடலில் கண்டவர் என்றால், கடதாசியில் மேடை, கடல், தான் நின்ற இடம் மூன்றையும் கீறச் சொல்லுங்கள்.

பாப்பரசர்கள் இலங்கைக்கு வந்த ஆண்டுகள் நிச்சயம் குழம்பும், அதற்குக் காரணமும் உண்டு. இலங்கையில் மறைப்பணி செய்த குருவானவர் யோசப் வாஸ் அடிகளாரை 1995 ஜனவரி 21இல் அருளாளராக்கியவர் (புனிதர் நிலைக்கு முந்தைய படி) பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர். 2015 ஜனவரி 14இல் புனிதராக்கியவர் பாப்பரசர் பிரான்சிஸ். இரண்டும் காலிமுகத்திடலில், இரண்டும் ஜனவரியில். மடு மாதா கோவிலில் கண்டதாகச் சொன்னால் அது 2015. அன்று பிற்பகலே பிரான்சிஸ் அங்கு போனார். 1970 டிசம்பர் 4 என்றால் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர். இருந்தும் பேச்சின் நடுவே திருத்தாதீர்கள். திருத்தினால் சொல்பவர் கூசி நிறுத்திவிடுவார். பிறகு கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்த வாரத்து வீரகேசரி, தினகரனைப் பார்த்து வலப்பக்கத்தில் குறியுங்கள்.

படங்களுக்குக் கொழும்பின் ஈரக்காற்றே எதிரி, பூஞ்சணம் பிடித்துவிடும். லேமினேட் செய்யவேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பசைத்தாள் அல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், இழுக்க முன் அப்படியே ஒரு படம் எடுத்துவிட்டு, பல்லிடுக்குச் சுத்தமாக்கும் நூலை அடியில் மெதுவாக அறுப்பதுபோல் நகர்த்துங்கள். பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் பெயர், இடம், திகதி. பேனை மை முன்பக்கம் ஊறும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பதிவின் பிரதியொன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.