புரட்டாசி சைவம் வேறு, காலத்துக்கும் சைவம் வேறு

புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாதவர்களும், கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருப்பவர்களும் நம் ஊரில் ஏராளம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் பலர் ஒரு நாள் "இனிமேல் சைவம்தான்" என்று முடிவெடுக்கிறார்கள். ஒரு மாதம் இருந்தவருக்கு வருஷம் முழுக்க இருப்பது பெரிய காரியமா என்று தோன்றும். கணக்கு இடறுவது அங்கேதான். புரட்டாசியில் நாம் செய்வது, சாப்பாட்டிலிருந்து கறியையும் மீனையும் முட்டையையும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது. எடுத்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. உடம்பும் முணுமுணுக்காது, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இரும்பையும் பி12 வைட்டமினையும் எடுத்துச் செலவழித்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்ததும் மட்டன் குழம்பு வந்து கடனை அடைத்துவிடும். நிரந்தரமாக மாறுகிறவருக்கு அந்த ஐப்பசி வராது.

சாம்பாரில் பருப்பு எவ்வளவு?

"புரதமா? அதான் தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்பார்கள். நான்கு பேர் வீட்டில் ஒரு சாம்பாருக்குப் போடுகிற துவரம் பருப்பு 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் புரதம் சுமார் 22 கிராம். அந்தச் சாம்பார் மதியமும் இரவும் நான்கு பேருக்குப் போனால் ஒரு வேளைக்கு ஓர் ஆளுக்குக் கிடைப்பது மூன்று கிராமுக்கும் குறைவு. இரண்டு துண்டு கோழிக்கறியில் சாதாரணமாக 20 கிராம் வந்துவிடும். ஒரு முட்டையில் 6.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். தானியம், பருப்பிலிருந்தே பெரும்பகுதி வருகிறதென்றால் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இப்போது சாதாரண சைவ நாள் ஒன்றை எழுதிப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, சட்னி. மதியம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். இரவு மூன்று தோசை. நடுவில் இரண்டு காபி. தாராளமாகக் கூட்டினாலும் 35 கிராமைத் தாண்டுவது கஷ்டம். குறைகிற 15 முதல் 25 கிராமைத்தான் தேடி வைக்க வேண்டும்.

வழி சிக்கலானதல்ல. சாம்பாரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள்: ஆளுக்கு 25 கிராம் பாசிப்பருப்பைக் கடைந்தோ கூட்டாகவோ வைத்தால் 6 கிராம். 40 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை வெந்து சுண்டலானால் ஒரு கிண்ணம், அதில் 8 கிராம். ஒரு கிண்ணம் கெட்டித் தயிரில் 6. கைப்பிடி வேர்க்கடலை 25 கிராம் இருந்தால் இன்னொரு 6. அடை, பாசிப்பயறு தோசை, பருப்பு உசிலி எல்லாம் இதற்காகவே இருப்பவை போல. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். இரண்டையும் ஒரே வாயில் போட வேண்டும் என்பதில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் சேர்ந்தால் போதும்.

கறி மாதிரி இருப்பது கறி ஆகாது

அடுத்த தவறு, நாக்கை மட்டும் சமாதானப்படுத்துவது. மட்டனுக்குப் பதில் பலாக்காய், சிக்கன் 65-க்குப் பதில் காலிஃப்ளவர் 65, பிரியாணிக்குக் காளான். கடிக்கும்போது அருமையாக இருக்கும். ஆனால் 100 கிராம் காளானில் புரதம் 3 கிராம்தான். பலாக்காயும் காலிஃப்ளவரும் 2 கிராமை ஒட்டி. ருசிக்காகச் சாப்பிடுங்கள், கறிக்கு ஈடு என்று கணக்கில் எழுதாதீர்கள்.

ஈடாக நிற்பது மீல் மேக்கர். 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம். ஓர் ஆளுக்கு 30 கிராம் உலர்ந்த உருண்டை போதும். இதைப் பலர் ஒருமுறை செய்துவிட்டு "வாடை அடிக்குது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குற்றம் பண்டத்தில் இல்லை, அதை அப்படியே குழம்பில் கொட்டியதில் இருக்கிறது. உலர்ந்த உருண்டை பஞ்சு மாதிரி. முதலில் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறதோ அதையே உள்ளே வைத்துக்கொள்ளும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு உப்புப் போட்டு, அடுப்பை அணைத்து, உருண்டைகளைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பிழியுங்கள். வெள்ளை நுரையோடு வெளிவரும் தண்ணீரில்தான் அந்தப் பச்சை வாடை இருக்கிறது. இன்னொரு முறை அலசிப் பிழிந்தால் தண்ணீர் தெளியும். இப்போது காலியான பஞ்சு கையில் இருக்கிறது. இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு, இரண்டு கரண்டி தயிர் போட்டுப் பிசறி இருபது நிமிடம் ஊறவிட்டால் மசாலா உள்ளே போகும். எண்ணெயில் ஓரம் சிவக்கப் புரட்டிவிட்டுக் கடைசியில் குழம்பில் சேர்க்க வேண்டும்.

பனீரை மட்டும் நம்புவதும் சரிவராது. புரதம் இருக்கிறது, 100 கிராமில் 18 அளவில். அதே அளவு அல்லது அதற்கு மேலும் கொழுப்பும் இருக்கிறது. இரும்பு கிட்டத்தட்ட இல்லை.

வயிறு உப்பினால் விட்டுவிடுவது

நேற்றுவரை பயறு பக்கம் போகாதவர் இன்று ராஜ்மா, நாளை கொண்டைக்கடலை, மறுநாள் மொச்சை என்று இறங்கினால் வயிறு போர்க்கொடி தூக்கத்தான் செய்யும். பயறுகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்க வைக்கும்போதுதான் வாயு உண்டாகிறது. முதல் இரண்டு வாரம் பாசிப்பருப்பு, முளைகட்டி வேகவைத்த பாசிப்பயறு இவற்றோடு நிறுத்துங்கள். பெரிய பயறுகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள், கால் கிண்ணத்தில் தொடங்கி ஏற்றுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போடுவது வேண்டாம். பி1 வைட்டமின் அதில் அழிந்துவிடும்.

ராஜ்மாவை அரைவேக்காட்டில் மட்டும் சாப்பிடக் கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்தால் அது அழியாது. கொதிநிலையில் குறைந்தது பத்து நிமிடம் வேண்டும். குக்கரில் வைத்தால் அந்தக் கவலை இல்லை.

பி12: தாமதமாக வரும் வில்லங்கம்

இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். பி12 இயற்கையாகக் கிடைப்பது விலங்கு உணவில் மட்டும். ஒரு நாளுக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான், ஆனால் அந்தத் துளியும் கீரையிலோ பருப்பிலோ பழத்திலோ கிடைக்காது. கல்லீரலில் உள்ள கையிருப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்கும் என்பதால், சைவத்துக்கு மாறி ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லையே என்று தெம்பாக இருப்பார்கள். மூன்றாவது வருஷம் பாதம் மதமதக்கும், நாக்கு வழவழத்து எரியும், படி ஏறினால் மூச்சு வாங்கும், ஞாபகம் தடுமாறும். அப்போது யாரும் அதைச் சாப்பாட்டோடு சேர்த்து யோசிப்பதில்லை.

பழைய சோற்றிலும் புளித்த மாவிலும் பி12 இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. பழைய சோறு நல்ல உணவுதான், ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. ஸ்பைருலினாவும் அப்படியே, அதிலிருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பாலும் தயிரும் சேர்ப்பவர்களுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவில் உள்ளே போனால் தேவை ஓரளவு நிறையும். இரண்டு காபிக்கு ஊற்றுகிற பால் அந்தக் கணக்கில் வராது. பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சினால் இருக்கிற பி12-உம் குறையும். பாலையும் விடுகிறவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் வகை மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டுமே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைப்பவை. இரத்தசோகை என்று தானாகவே ஃபோலிக் அமிலம் மட்டும் வாங்கிப் போடுவது ஆபத்து. இரத்தம் சரியானது போல் தோன்றும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். மாறும் முன்பே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பைக் காட்டுவது), பி12 மூன்றையும் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, வருஷம் ஒருமுறை ஒப்பிடுங்கள். பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு; 200-க்கும் 300-க்கும் நடுவே இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கர்ப்பிணிகளும், குழந்தைகளை மாற்ற நினைப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

சாப்பிட்ட கையோடு காபி

கறியிலும் ஈரலிலும் இருக்கும் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். கீரை, பயறு, கம்பு இவற்றின் இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும், அதுவும் கூடச் சாப்பிடுவதைப் பொறுத்து. சாப்பாடு முடிந்ததும் டீ, காபி குடித்தால் அந்தப் பங்கும் பாதியாகக்கூடக் குறையலாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சாப்பாட்டோடு சேர்க்காமல் தள்ளி வையுங்கள்.

மறுபக்கம், சி வைட்டமின் கூடவே இருந்தால் உறிஞ்சுதல் கூடும். சுண்டலில் எலுமிச்சை பிழிவது, கீரைச் சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், பிறகு ஒரு கொய்யா. எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும், கொதியில் போட்டால் சத்து போய்விடும். அதே 2020 பரிந்துரையில் ஆண்களுக்கு 19 மில்லிகிராம், மாதவிடாய் வயதுப் பெண்களுக்கு 29 மில்லிகிராம் இரும்பு என்றிருக்கிறது. வீட்டில் கடைசியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுகிற பெண்களுக்கு இந்த எண் எட்டாக் கனியாக இருப்பது தனிக்கதை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வேறு சில இழப்புகளும் உண்டு. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டவருக்குச் சுண்ணாம்புச்சத்து அங்கிருந்தே வந்துகொண்டிருக்கும். கேழ்வரகு, எள், பால், தயிர் அந்த இடத்துக்கு வரட்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. மத்தி மீனில் கிடைத்த ஒமேகா 3 கொழுப்புக்கு முழு ஈடு செடிகளில் இல்லை. ஆளிவிதை ஓரளவு உதவும், தினம் ஒரு மேசைக்கரண்டி, பொடித்து. முழு விதை அப்படியே வெளியே போய்விடும். அயோடினும் மீனோடு போகும். இந்த நேரம் பார்த்து இந்துப்புக்கோ அயோடின் சேர்க்காத கல் உப்புக்கோ மாறாதீர்கள்.

கறி போன இடத்தில் சோறு

கறி இல்லாத தட்டு வெறிச்சென்று தெரிவதால் கை தானாக இன்னொரு கரண்டி சோறு போடும். உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், மாலையில் பஜ்ஜி, இரவில் பூரி கிழங்கு. எல்லாம் சுத்த சைவம்தான். எடையும் சர்க்கரையும் ஏறிவிட்டு, "சைவத்துக்கு மாறியும் ஒன்றும் குறையலையே" என்று புலம்ப வேண்டியிருக்கும். தட்டில் பாதி காய்கறி, கால் பகுதி பருப்போ பயறோ, மிச்சம் கால் சோறு, கண்ணளவே போதும்.

குஸ்காவும் சால்னாவும்

கறி இல்லை என்பதற்காகக் குஸ்காவைச் சைவம் என்று நினைப்பவர்கள் உண்டு. பல கடைகளில் அது பிரியாணி அண்டாவிலிருந்து துண்டு இல்லாமல் அள்ளிய சோறு. பரோட்டாவுக்கு ஊற்றும் வெறும் சால்னாவில் எலும்பு கொதித்திருக்கலாம், பரோட்டா மாவிலேயே முட்டை சேர்க்கும் கடைகளும் இருக்கின்றன. இலங்கைத் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பதுண்டு. ஜெல்லி மிட்டாயிலும் மாத்திரைக் கூடுகளிலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். சில சீஸ்களில் பாலை உறைய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம் என்றால் அசைவம், முட்டையும் அதில் அடக்கம். கடையில் அந்தக் குறி இருக்காது. அங்கே "சைவமா?" என்று கேட்டால் "சைவம்தாங்க" என்றுதான் பதில் வரும். "எந்த அண்டாவில் கிண்டினது, எலும்பு போட்டதா, மாவில் முட்டை உண்டா?" என்று கேளுங்கள்.