சிஓ–பிஓ அட்டெயின்மென்ட் போடுவது எப்படி? புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு

பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து முதல் செமஸ்டர் முடியும் நேரத்தில், எச்.ஓ.டி. ஒரு எக்செல் கோப்பை அனுப்பி "அட்டெயின்மென்ட் போட்டுக் கொடுத்துடுங்க" என்பார். பாடத்தில் எதிர்பார்த்த திறனை மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்ற கணக்குதான் அது. அதில் என்ன எழுதுவது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள், போன வருஷக் கோப்பைப் பார்த்து எண்ணை மாற்றினால் போதும் என்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கணக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை.

பின்னணி சுருக்கமாக: பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014 ஜூனில் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. அதன்பிறகு படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) குழு வந்தால், பாடத்தை நடத்தி முடித்தீர்களா என்பதைவிட, படித்து முடித்த மாணவருக்கு என்ன செய்யத் தெரிகிறது என்றுதான் குடைகிறது. ஒரு பாடத்தின் முடிவில் வரவேண்டிய திறன் சிஓ (கோர்ஸ் அவுட்கம்). நான்கு வருஷப் படிப்பு முடியும்போது வரவேண்டியது பிஓ (ப்ரோகிராம் அவுட்கம்), இது என்.பி.ஏ. கொடுப்பது, முன்பு 12 இருந்தது, புதிய வடிவத்தில் 11.

முதலில் சிஓ எழுதுங்கள், பாடத்துக்கு ஐந்தாறு போதும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நோடு எனும் தரவுத் துண்டுகளைச் சங்கிலிபோலக் கோக்கும் லிங்க்டு லிஸ்ட் அதில் ஒரு பகுதி. "லிங்க்டு லிஸ்ட் பற்றிப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால், புரிந்ததா இல்லையா என்று எதை வைத்து அளப்பீர்கள்? "லிங்க்டு லிஸ்ட்டில் சேர்க்கவும் நீக்கவும் நிரல் எழுதுவார்" என்றால் கேள்வி தானாக வந்துவிடும். நினைவுகூர்வதில் தொடங்கிப் புதிதாகப் படைப்பது வரை கற்றலைப் பிரிக்கும் ப்ளூம் வகைப்பாட்டின் ஆறு நிலைகளில் எது என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

அடுத்தது மேப்பிங். ஒவ்வொரு சிஓவும் எந்த பிஓவுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1 (குறைவு), 2 (நடுத்தரம்), 3 (அதிகம்) போட வேண்டும், தொடர்பே இல்லையென்றால் கோடு. எல்லாக் கட்டத்திலும் 3 போட்டு நிரப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. லிங்க்டு லிஸ்ட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்று குழு கேட்டால் பதில் வேண்டாமா?

மூன்றாவது படியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கேள்வித்தாள் எடுக்கும்போதே ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் சிஓ எண் போட்டுவிடுங்கள், தேர்வு முடிந்தபிறகு உட்கார்ந்து போடுவது வெறும் ஒப்பேற்றல். 11அ, 11ஆ என்று "அல்லது" கேள்வி வைத்தால் இரண்டும் ஒரே சிஓவில் இருக்கட்டும், இல்லையென்றால் பாதி வகுப்பு ஒரு சிஓவைத் தொடாமலே போய்விடும். மதிப்பெண்ணையும் கேள்விவாரியாக ஏற்றுங்கள். மொத்த மதிப்பெண் இந்தக் கணக்குக்கு உதவாது.

சரி, இப்போது கணக்கு. இன்டர்னலில் சிஓ1-க்கு இரண்டு 2 மார்க் கேள்வி, ஒரு 13 மார்க் கேள்வி, ஆக 17. ஒரு மாணவர் எட்டவேண்டிய டார்கெட் 60 சதவீதம் என்றால் 10.2 மார்க். வகுப்பில் 60 பேர், அதை எட்டியவர்கள் 45 பேர், அதாவது 75 சதவீதம். 60 சதவீதம் பேர் எட்டினால் நிலை 1, 70 என்றால் 2, 80 என்றால் 3 என்று உங்கள் துறை வைத்திருந்தால் (இதை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்யலாம்), சிஓ1-க்குக் கிடைப்பது 2.

பல்கலைக்கழகத் தேர்வில், இணைப்புக் கல்லூரிகளுக்குக் கேள்விவாரி மதிப்பெண் வராது, கிரேடுதான் வரும். அதனால் குறிப்பிட்ட கிரேடை எட்டியவர்களை எண்ணி, வருகிற நிலையை எல்லா சிஓவுக்கும் ஒரே மாதிரி போடுவார்கள். அது 1 என்று வைத்துக்கொள்வோம். தன்னாட்சிக் கல்லூரிக்கு விடைத்தாள் கையிலேயே இருப்பதால் இந்தச் சமரசம் தேவையில்லை. இன்டர்னலுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60 என்ற விகிதத்தில், 2×0.4 + 1×0.6 = 1.4.

பிஓவுக்குப் போகும்போது மேப்பிங் எண்ணால் பெருக்கிச் சராசரி எடுங்கள். சிஓ1 1.4 (மேப்பிங் 3), சிஓ2 1.8 (மேப்பிங் 2), சிஓ3 1.0 (மேப்பிங் 1) என்றால் 4.2 + 3.6 + 1.0 = 8.8, மேப்பிங்கின் கூட்டுத்தொகை 6-ஆல் வகுத்தால் 1.47. எல்லாப் பாடங்களுக்கும் இப்படி வந்ததைச் சராசரி எடுத்தால் அந்த பிஓவின் நேரடி மதிப்பு. அது 1.6 என்றால், படிப்பு முடியும்போது மாணவரிடம் கருத்துக் கேட்கும் சர்வேயில் வந்த 2.5-ஐ 80:20 விகிதத்தில் (நேரடி மதிப்புக்கு 80) சேர்த்து 1.78. சர்வே மதிப்பு எப்போதும் தாராளமாகத்தான் வரும், கடைசி நாளில் ஃபார்ம் நிரப்பும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "மிக நன்று" போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் நேரடி மதிப்பைத் தனியாகவும் பாருங்கள்.

பிஓவுக்கு வைத்த டார்கெட் 2 இருக்க 1.78 வந்தால் எண்ணைத் திருத்தாதீர்கள், விடைத்தாளைத் திரும்ப எடுங்கள். 2 மார்க்கில் முழுசாக வாங்கியவர்கள் 13 மார்க்கில் எங்கே சறுக்கினார்கள்? நடுவில் இருக்கும் நோடை நீக்கத் தெரிகிறது, முதல் நோடை நீக்கும்போது ஹெட்டை (முதல் நோடைச் சுட்டுவது) மாற்ற மறந்துவிடுகிறார்கள் என்று தெரிந்தால், "கூடுதல் கவனம் செலுத்தப்படும்" என்று எழுதுவதைவிட "லேபில் இதற்கு ஒரு பயிற்சி சேர்க்கப்படும்" என்று துறைக் கூட்டக் குறிப்பில் ஏற்றலாம். அடுத்த பேட்ச்சுக்கு அதே சிஓவில் அதே தரத்தில் கேள்வி வைத்து இரண்டு வருஷ எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். டார்கெட்டைத் தாண்டிவிட்டால் அப்புறம் டார்கெட்டை உயர்த்த வேண்டியதுதான்.