யாழ்ப்பாணத் தீவுப் பக்கம் ஒரு வாரம்: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

முதலில் காற்றைப் பாருங்கள், லீவை அப்புறம் போடலாம். பெப்ரவரி, மார்ச்சில் கடல் பெரும்பாலும் சாந்தம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் நெடுந்தீவுப் படகில் குடல் வாய்க்கு வந்துவிடும்.

பூநகரிப் பக்கம் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணம் போகச் சங்குப்பிட்டிப் பாலம்தான் குறுக்குவழி. நயினாதீவு, புங்குடுதீவில் இருக்கும் குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரம், காலையில் போய் மதியம் திரும்பலாம். நெடுந்தீவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அங்கே இரவு தங்குங்கள். பகல் கூட்டம் படகேறிய பிறகுதான் பவளக்கல் மதில்களையும் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளையும் ஆறுதலாகப் பார்க்க முடியும். அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறையில் ஏற வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு தீவு போதும். படகு ஓடாத நாளுக்கென்று இரண்டு நாளைச் சும்மா விடுங்கள். படகில் பின்பக்கம் இருந்தால் தூக்கிப்போடுவது குறைவு. போனைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.